மெட்டிக்கு அடியில்

எனக்குத் தாடை பூட்டிக்கொண்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பழைய சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது. உருண்டை உதட்டோடு நின்றுவிட்டது, உள்ளே போகவில்லை. அதற்கு முன் என் ஆயுசில் சோற்றைக் கண்டு என் வாய் நின்றதில்லை. பேச்சுக்கும் நின்றதில்லை.

இப்போது எனக்குப் பேரன் பேத்திகள் ஏழு பேர். அவர்களில் ஒருவர் காலில் முள் குத்தினாலும் ஊசி போடுகிற இடத்துக்குத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடுவேன். ஆயாவுக்குக் கிறுக்கு என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்களுக்காகவும், காலில் காயத்தை மறைத்துக்கொண்டு நடமாடுகிற பெண்டுகளுக்காகவும் இதை எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள் நான். எழுத்துப் பிழை இருந்தால் அச்சுப் போடுகிறவர் பாடு.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கி நாலு வருஷம் ஆகியிருந்தது. கொடியை இறக்கினார்களே தவிர என் வீட்டுக்காரரை விடவில்லை. அவர்களுடைய பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாய். கல்யாணமாகி எட்டாம் மாதம் கப்பல் ஏறியவர், அல்ஜேரி என்கிற தேசத்தில் சண்டையில் இருந்தார். வைத்திக்குப்பத்து வீட்டில் நானும் என் மாமியார் அஞ்சலையும் மட்டும்தான். மாமியார் தலையில் கூடையோடு மீன் விற்கிறவர். அவர் 'சங்கரா' என்று குரல் கொடுத்தால் மூன்று தெரு தள்ளிப் படுத்திருக்கிற பூனையும் எழுந்து உட்காரும்.

நான் கன்னியாஸ்திரீகள் நடத்திய பூத்தையல் கூடத்தில் வேலை செய்தேன். அவர்களை நாங்கள் மாமேர் என்று கூப்பிடுவோம். எங்கள் கூடத்து மாமேர் கனடா தேசத்துக்காரர். சின்ன வயசில் அவர் ஊர் ஆறு மாசக்கணக்கில் கல்லாய் உறைந்து கிடக்குமாம். காலில் கத்தி வைத்த பூட்சைப் போட்டுக்கொண்டு பெண்கள் அதன்மேல் வழுக்கி வழுக்கி ஹாக்கி ஆடுவார்களாம். எட்டு வருஷம் இவர்தான் கோல் காத்தாராம். புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு உண்டு. முக்காடு போட்டுக்கொண்ட அன்றைக்கு மட்டையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு வந்தாராம். எனக்குத் தெரிந்த ஐஸ், மரத்தூள் ஒட்டிக்கொண்டு மாமியாரின் மீன்மேல் கிடக்கும் கட்டிதான். அதன்மேல் மனுஷி ஓடினாள் என்றால் நான் நம்புவேனா? வெள்ளைக்காரிக்கும் எங்கள் குப்பத்துக் கிழவிகள்போலக் கதை விட வரும் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் எங்கள் கூடத்துக்கு ஹாக்கி மட்டைகள் நிஜமாகவே வந்து சேர்ந்தன. குனிந்து தைத்துத் தைத்துக் கூன் விழுந்துவிடும் என்று சாயங்காலங்களில் எங்களைப் பொட்டலுக்கு ஓட்டிக்கொண்டு போனார். பகலில் குதிரை வண்டிக்காரர்கள் குதிரையை அவிழ்த்துக் கட்டுகிற பொட்டல் அது. சாணத்தை ஒதுக்கித் தள்ளிவிட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வெறுங்காலோடு ஆடுவோம். வேடிக்கை பார்க்கப் பாதி ஊர் வரும். நான் கோல் காக்க நின்றதற்குக் காரணம் வீரம் இல்லை, சோம்பல். ஓட வேண்டாம். நின்ற இடத்தில் நின்று, பந்தோடு வருகிறவளின் நடையைக் கேலி பண்ணலாம். அவள் சிரித்தால் பந்து தவறும். இப்படியே கடலூர், விழுப்புரம் பள்ளிக்கூடத்துப் பெண்களையெல்லாம் சிரிக்க வைத்தே மூன்று வருஷம் கோல் காத்தேன். பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து படம்கூடப் பிடித்தார். படத்தில் என் வாய் திறந்திருந்தது.

மாமேருக்கு ஒரே ஒரு குறை, என் மெட்டி. கழற்றி வைத்துவிட்டு ஆடு என்பார். அது நடக்காது. எங்கள் குப்பத்தில் பட்டாளத்துக்காரன் பெண்டாட்டிக்கு மெட்டிதான் காவல். அது கழன்றால் அங்கே அவனுக்கு ஆகாது. ஒருத்தி கடலில் குளித்தபோது மெட்டி நழுவிப் போய், எட்டாம் நாள் அவள் புருஷன் செத்த சேதியோடு பிரான்சிலிருந்து காகிதம் வந்தது. அதைப் பார்த்தவர்கள் நாங்கள். கேலி பேசுகிறவள் என்பதால் நான் நம்பவில்லை என்று நினைக்காதீர்கள். என் மாமியாரைவிட நான் அதிகம் நம்பினேன்.

கடலூர்க்காரிகளோடு ஆடிய ஒரு ஞாயிற்றுக்கிழமை பந்து நேராக வந்து வலது காலில், கட்டைவிரலுக்கு அடுத்த விரலில் விழுந்தது. மெட்டி நசுங்கி, அதன் முனை சதைக்குள் இறங்கிவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு கடைசிவரை நின்றேன். ஒரு கோலும் விடவில்லை. வீட்டுக்கு வந்து மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டேன். விரல் வீங்கியது. மெட்டி வீக்கத்துக்குள் புதைந்தது. பத்தரிடம் போனால் ஒரு நிமிஷத்தில் வெட்டி எடுத்திருப்பார். ஆனால் என் வீட்டுக்காரரிடமிருந்து கடிதாசி வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மாமியார் தினமும் விடிகாலையில் கூடையைத் தலைக்கு ஏற்றுமுன் என் கால் விரலைத்தான் பார்ப்பார். மெட்டி இருக்கிறதா என்று பார்ப்பார், போய்விடுவார். மெட்டி இருந்தது. அதற்கு அடியில் என்ன இருந்தது என்று அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

பத்தாம் நாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

சோற்றை மூடி வைத்துவிட்டுத் தையல் கூடத்துக்குப் போனேன். பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவதுபோலத்தான் பேச்சு வந்தது. மாமேர் பேசும் தமிழ் அப்படித்தான் இருக்கும், நான் அதை நடித்துக் காட்டுவதும் வழக்கம். பெண்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். எனக்கு வாய் திறக்கவில்லை என்று சொன்னேன். இன்னும் சிரித்தார்கள். பக்கத்தில் உட்காருகிற லூர்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாமேர் வர்றாங்கடி, சிரிப்புக் காட்டாத, நிறுத்து" என்றாள். நிறுத்த முடியவில்லை. என் முகம் தானாகவே இளிக்க ஆரம்பித்திருந்தது. உதடு இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டது, புருவம் மேலே ஏறிக்கொண்டது. அந்த நோயின் முகமே அதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். சாகப் போகிறவளைப் பார்த்து ஒரு கூடம் முழுக்கச் சிரித்தது. அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். மூன்று வருஷமாகச் சிரிக்கப் பழக்கியவள் நான்.

மாமேர் மட்டும் சிரிக்கவில்லை. என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். மரக்கட்டையாக இருந்தது. உடனே என்னைப் புஸ்புஸ் ரிக்‌ஷாவில் ஏற்றினார்.

ஆஸ்பத்திரி டாக்டர் நம் ஊர்க்காரர், பிரெஞ்சில் படித்தவர். ஒரு தட்டைக் குச்சியைத் தொண்டைக்குள் விட்டுப் பார்த்தார். வேறு யாராக இருந்தாலும் குமட்டியிருக்கும். எனக்குப் பல் குச்சியைக் கவ்விக்கொண்டு விடவே இல்லை. அவர் முகம் மாறியது. ஓடி வந்த மாமியாரிடம் ரணஜன்னி என்றார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்தவரைக்கும் சொல்கிறேன். மண்ணிலும் குதிரைச் சாணத்திலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வித்து இருக்கிறது. அது காயத்தில் விழுந்து, காற்றுப் படாமல் மூடிக்கொண்டால் உள்ளே முளைக்கும். முளைத்து விஷம் கக்கும். விஷம் நரம்பு வழியாக ஏறி முதலில் தாடையைப் பூட்டும், பிறகு கழுத்து, முதுகு, வயிறு. கடைசியில் மூச்சு விடுகிற சதையும் பூட்டிக்கொண்டால் அவ்வளவுதான். புத்தி மட்டும் கடைசிவரை தெளிவாக இருக்கும். இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

விஷத்தை முறிக்க ஒரு மருந்து உண்டு. குதிரையின் ரத்தத்திலிருந்து எடுப்பது. ஒரு குதிரை கொடுத்ததை இன்னொரு குதிரை எடுக்கப் பார்த்தது. சொல்லிச் சிரிக்க அருமையான சங்கதி, வாய்தான் இல்லை.

கடைசி அறையில் போட்டார்கள். சன்னலுக்குக் கறுப்புத் துணி. வெளிச்சம் பட்டாலும் சத்தம் பட்டாலும் உடம்பு இழுக்கும். இழுப்பு என்றால் வலிப்பு மாதிரி நினைவு தப்பாது. உடம்பிலுள்ள சதையெல்லாம் ஒரே நேரத்தில் முறுக்கும். குதிகாலும் பின்தலையும் கட்டிலில் ஊன்றி, நடு முதுகு வில்லாக மேலே போகும். எலும்பு முறிகிற சத்தம் வந்துவிடுமோ என்று அந்த நேரத்தில் காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். ஒரு வாளி தரையில் உரசினால் போதும். கோயில் மணி அடித்தால் போதும். பகல் முழுக்க அடுத்த மணி எப்போது என்று கணக்குப் போட்டுக்கொண்டு கிடப்பேன். மணிகூடப் பரவாயில்லை, வரும் நேரம் தெரியும். பல்லி எப்போது சொல்லும் என்று யாருக்குத் தெரியும்?

எதிர் அறையில் அதே நோயோடு ஒரு வண்டிக்காரர் கிடந்தார். அவர் கட்டில் கிறீச்சிடும்போதெல்லாம் அந்தச் சத்தத்துக்கு என் உடம்பு இழுக்கும். என் கட்டில் கிறீச்சிட்டால் அவருக்கு இழுத்திருக்கும். முகம் பார்க்காமலே ஒருவரை ஒருவர் வதைத்துக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள் மத்தியானத்துக்குமேல் அங்கிருந்து சத்தம் வரவில்லை. எனக்கு இழுப்பு குறைந்ததே என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். பிறகுதான் உறைத்தது.

மூன்று தெருவுக்குக் குரல் கொடுத்த என் மாமியார் அந்த அறையில் மூச்சு விடுவதுபோலப் பேசக் கற்றுக்கொண்டார். கதவுக் கீலுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டார். வாளிக்கு அடியில் கிழிந்த புடவையைச் சுருட்டி வைத்தார். என்னைப் பார்க்க வந்த லூர்துவும் மற்றப் பெண்களும் கொலுசில் துணியைச் சுற்றிக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டுப் போனார்கள். மாமேர் இடுப்பு ஜெபமாலையைக் கழற்றிக் காவல்காரரிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். என் காதருகே உட்கார்ந்து உறைந்த ஆற்றைப் பற்றிப் பேசுவார். பந்து வருமுன் உடம்பை விறைத்துக்கொள்கிறவள் கோலை விட்டுவிடுவாள், வரட்டும் என்று தளர்ந்து நிற்கிறவள்தான் பிடிப்பாள் என்பார். "மகளே, சத்தம் வரும். வரட்டும். நீ அதற்கு முன்னால் ஓடாதே." இப்போது அவர் ஐஸில் ஆடியதை நம்பினேன். விறைத்துப்போன உடம்போடு பேசத் தெரிந்தவர் வேறெங்கே கற்றிருப்பார்?

டாக்டருக்கு மட்டும் நம்பிக்கை குறைந்துகொண்டே வந்தது. விரல் கறுத்துவிட்டது. மெட்டி உள்ளே புதைந்திருந்தது. அதற்கு அடியில்தான் விஷம் ஊறுகிறது, ஊசி போட்டு முறிக்க முறிக்க அது ஊறிக்கொண்டேதான் இருக்கும், மெட்டியோடு விரலை எடுத்துவிட வேண்டும் என்றார். காகிதத்தில் வீட்டார் கைரேகை வேண்டும். மாமியார் என் பாதத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

"ஊசியாலயே பாருங்க சாமி" என்றார். "எம் புள்ள அங்க குண்டுக்கு நடுவுல நிக்கறான். இத கழட்ட நான் ரேக வெக்க மாட்டேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். முன்பே என்னைக் கேட்டிருந்தால் நானும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். முதல் மூன்று நாள் அப்படித்தான் நினைத்தேன். எதிர் அறை அடங்கிய பிறகு எனக்கு உயிர்மேல் ஆசை வந்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வீட்டுக்காரர் பாடு அவருக்கு, என் விரலை எடுங்கள் என்று கத்த வேண்டும்போல இருந்தது. பல்லுக்குப் பின்னாலேயே அது கிடந்தது. மாமியார் என் கண்ணைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் படித்திருப்பார்.

நாலாம் நாள் காலை அவர் வரத் தாமதமானது. உள்ளே வந்தபோது இடுப்புச் செருகலில் நீளமான ஒரு கவர் இருந்தது. கதவிடுக்கு வெளிச்சத்தில் பிரெஞ்சுத் தபால்தலை தெரிந்தது. என் வீட்டுக்காரர் கைப்பட எழுதுகிற கடிதாசி சின்னக் கவரில் வரும். இந்த மாதிரி நீளக் கவர் யார் வீட்டுக்கு எப்போது வரும் என்று குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டார். அந்த ஆஸ்பத்திரியில் பிரெஞ்சு படிக்கத் தெரிந்தவர்கள் இருபது பேராவது இருப்பார்கள், டாக்டரே படிப்பார். ஒருவரிடமும் அவர் அதை நீட்டவில்லை. கவர் பிரிக்காமலே இருந்தது. அன்று முழுக்க எனக்கு ஒரு சொட்டுப் பாலும் புகட்டவில்லை. மூலையில் உட்கார்ந்து இடுப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அன்றைக்கு வந்த இழுப்புகளில் பாதி சத்தத்தால் வந்ததில்லை.

பொழுது சாயும்போது டாக்டர் வந்தார். மாமியார் எழுந்து நின்றார்.

"எடுத்துருங்க சாமி."

டாக்டருக்கு நம்ப முடியவில்லை. நிச்சயம்தானா என்று கேட்டார்.

"பக்கத்து வெரல் இருக்குதில்ல, அதுல போட்டுக்குவா. எம் புள்ள உசுரு ஒரு வெரல்லயா தொங்குது?" என்றார். கட்டைவிரலை மையில் தோய்த்து அழுத்தினார். எனக்கு அந்தப் பேச்சு வேடிக்கையாகக்கூட இருந்தது. கேலி பேசுவதில் எனக்கு மிஞ்சியவர் வீட்டிலேயே இருந்திருக்கிறாரே என்று நினைத்தபடியே மயக்க மருந்தை இழுத்தேன்.

விரல் போனது. மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பாலும் கஞ்சியும் ஊற்றினார்கள். இழுப்பு உடனே நிற்கவில்லை. இன்னும் பத்து நாள் மணிக்கும் பல்லிக்கும் பயந்து கிடந்தேன். பிறகு ஒரு நாள் கோயில் மணி அடித்து முடிந்த பிறகுதான் அடித்ததே தெரிந்தது. அதற்கு மறுநாள் பல்லுக்கு நடுவில் ஒரு கரண்டி முனை நுழைந்தது. முதலில் நான் பேசிய வார்த்தை என்ன என்று பெண்கள் எல்லாரும் கேட்டார்கள். 'மூத்திரம்' என்பதுதான் அது. பெரிய வார்த்தை எதிர்பார்த்தவர்கள் மன்னிக்கவும்.

கிளம்புகிற அன்று டாக்டர் எனக்கு ஒன்று சொன்னார். அம்மை வந்தவருக்கு மறுபடி அம்மை வராது, இது அப்படியில்லை. வந்தவருக்கும் மறுபடி வரும், ஆகையால் ஊசியைத் தவறாமல் போட்டுக்கொள் என்றார். போட்டுக்கொண்டேன். மறு தை மாதம் ஒன்பது விரலோடு மறுபடி கோலில் நின்றேன், இந்தத் தடவை காலில் கான்வாஸ் பூட்ஸ். மாமேர் ஊரைவிட்டுப் போகும்வரை இன்னும் மூன்று வருஷம் ஆடினேன். முன்பு போலக் கோல் காத்தேன் என்று சொல்ல மாட்டேன். வலது பக்கம் சாய்ந்தால் பாதம் பிடி தவறும். அதைக் கடலூர்க்காரிகள் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள்.

அதையெல்லாம் விடுங்கள். வீட்டுக்கு வந்த அன்றைக்கு நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து ரிக்‌ஷா நேராகத் தையல் கூடத்துக்குப் போனது. மாமியார்தான் அங்கே விடச் சொன்னார். இடுப்பிலிருந்து அந்தக் கவரை எடுத்து மாமேரிடம் நீட்டினார். மூன்று வாரமாக வேர்வையில் ஊறி மடிந்திருந்தது. படிச்சிருங்க என்று மட்டும் சொல்லிவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டார். நானும் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். மாமேர் பிரித்துப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். பிறகு நிமிர்ந்து, "உங்கள் மகனை வேறு முகாமுக்கு மாற்றியிருக்கிறார்கள். இனிமேல் இந்த விலாசத்துக்குக் கடிதம் எழுத வேண்டுமாம். அவ்வளவுதான்" என்றார்.

நான் அழுதேன். மாமியார் அழவில்லை. காகிதத்தைத் திரும்ப வாங்கி மடித்தார். பிறகு தலையைக் குனிந்து, துணி சுற்றிய என் வலது பாதத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். ரணஜன்னிக்குக்கூட நான் அப்படிப் பயந்ததில்லை.

வீட்டில் அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சினார். தாடை இன்னும் ஒரு விரல் அகலத்துக்குத்தான் திறக்கும், அவர்தான் புகட்ட வேண்டும். எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இரண்டு கரண்டி ஊட்டினார். மூன்றாம் கரண்டியைக் கிண்ணத்திலேயே வைத்துவிட்டுப் பேசினார்.

"அவன் போயிட்டான்னு நெனச்சுதான் அன்னிக்கு ரேக வெச்சேன். இருந்த ஒண்ணையாவது வெச்சுக்கலாம்னு."

நான் கிண்ணத்தில் கிடந்த கரண்டியைப் பார்த்தேன்.

"அவன் உசுரோட இருக்கறான்னு யாராவது அந்தக் காயிதத்த எனக்குப் படிச்சிருந்தா, வெச்சிருக்க மாட்டேன்டி. நீ செத்திருப்ப."

"தெரியும் அத்தே" என்றேன்.

"நாளைக்கு அங்க அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா ஒன் மூஞ்சிய நான் எப்படிப் பாப்பேன்னு எனக்கே தெரியல."

அதற்கு என்னிடம் கேலி எதுவும் இல்லை. தேடித்தான் பார்த்தேன். என் வீட்டுக்காரர் திரும்பி வர இன்னும் மூன்று வருஷம் இருந்தது. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நிற்கப் போகிற மூன்று வருஷம் என்று அன்றைக்குத் தெரியாது.

வெளியே யாரோ படகை மணலில் இழுத்தார்கள். மாமியார் கரண்டியை எடுத்தார். கஞ்சியை மொண்டு, உதட்டில் வைத்துச் சூடு பார்த்து, இரண்டு தடவை ஊதி, என் முன்னால் நீட்டினார்.

நான் வாயைத் திறந்தேன்.